ராத்திரியும் கொதிக்கும் மாடி அறை

"ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் சுடுது டாக்டர், கூரையில சோலார் ஃபேன் வைக்கலாமா?" வேர்க்குருவுக்கும் நீர்க்கடுப்புக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள் சித்திரை பிறந்தாலே இப்படிக் கேட்கிறார்கள்.

உங்களுடையது கான்கிரீட் தளமா? அப்படியானால் வேண்டாம். ஓட்டுக்கூரைக்கும் அதன் கீழுள்ள உள்கூரைக்கும் நடுவே அடைபடும் அனல்காற்றை வெளியே தள்ளத்தான் அந்த விசிறி. கான்கிரீட் தளத்தில் அந்த இடைவெளி ஏது? மேலும், பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரியில்தான் கக்கும். பேட்டரி இல்லாத சோலார் விசிறியோ பொழுது சாய்ந்ததும் நின்றுவிடும்!

அந்தக் காசில் கொஞ்சம் எடுத்து, மாசியிலேயே மொட்டைமாடியைக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட்டிங் அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்கணும், அவ்வளவுதான்.

கூரையிலிருந்து வெளிச்சம் இறக்கும் ஒளிக்குழாய் வேறு விஷயம். ஜன்னலே இல்லாத நடு அறைக்கு நல்லதுதான். ஆனால் வைட்டமின் டி அதில் வராது. மேல்மூடியே அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தளத்தில் துளை போடுமுன் இன்ஜினீயரைக் கேளுங்கள். கம்பி அறுபட்டால் வம்பு, ஐப்பசி மழையில் ஒழுகினால் இன்னும் வம்பு.

வீட்டில் வயசானவர்கள் இருந்தால் கோடை முடியும்வரை கீழ் அறையில் படுக்க வையுங்கள். உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு உளறினால் நீர்மோரும் உதவாது, என் கஷாயமும் உதவாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறிக்கொண்டே உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.