உயிர் என்னும் சொல்

தமிழ் நெடுங்கணக்கில் முதலில் நிற்பவை பன்னிரண்டு உயிரெழுத்துகள். தொடக்கப்பள்ளியிலேயே அவற்றை மனப்பாடம் செய்துவிடுவதால், எழுத்துக்கு ஏன் ‘உயிர்’ என்று பெயர் வந்தது எனப் பலரும் கேட்பதில்லை.

உயிர் இன்று பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே வழங்குகிறது. பழந்தமிழில் அது வினையாகவும் பரவலாக வழங்கியது. உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். துயரத்தில் விடும் பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். தமிழின் உறவுமொழியாகிய கன்னடத்தில் ‘உசிரு’ என்றால் இன்றும் மூச்சுதான். தமிழர் பேச்சுவழக்கில் ‘உசுரு’ என்பதும் இதே சொல்தான். மூச்சு நின்றால் உடலில் ஏதோ ஒன்று இல்லாமற்போகிறது. அந்த ஒன்றுக்கும் மூச்சின் பெயரே நிலைத்துவிட்டது. இது தமிழில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆன்மாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லாகிய ‘அனிமா’வுக்கும் மூச்சு என்னும் பொருள் உண்டு.

இனி எழுத்துக்கு வருவோம். ‘க்’ என்பதைத் தனியே ஒலிப்பது கடினம். நாக்கு மூச்சை அடைத்துவிடுகிறது. அதனுடன் ‘அ’ சேர்ந்தால் ‘க’ என எளிதாக ஒலிக்கிறது. மெய் என்றால் உடல். உயிர் சேர்ந்தால்தான் உடல் இயங்கும். ஆகவே, இரண்டும் சேர்ந்தது உயிர்மெய் ஆயிற்று. பன்னிரண்டு உயிரும் மிடற்றில் பிறக்கும் காற்றால் ஒலிப்பவை என்று தொல்காப்பியம் கூறுகிறது. இலக்கணத்திலும் உயிரைக் காற்றிலிருந்து பிரிக்க முடியவில்லை!

அதே நூலின் மரபியல், உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள், எறும்புக்கு மூன்றறிவு, மனிதருக்கு ஆறறிவு. அறிவில் வேறுபாடு உண்டு. எனினும் புல்லுக்கும் மனிதருக்கும் சொல் ஒன்றே. ‘ஆன்மா’ என்ற வடசொல் தமிழில் கலந்த பிறகு, சமய நூல்கள் அதனையும் உயிரையும் ஒரே பொருளில் ஆண்டன. ஆனால், பேச்சில் செடிக்கு ஆன்மா உண்டு என்று எவரும் சொல்வதில்லை. வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றினால், அது உயிர் பெற்றது என்றே சொல்கிறார்கள்.

பிற்காலத்தில் அறிவியல் பாடத்திற்குக் கலைச்சொல் தேவைப்பட்டபோதும் இச்சொல் கைகொடுத்தது. உயிரியல், உயிரணு ஆகியவை அவ்வாறு பிறந்தவை. மனிதர் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனுக்கு வைத்த பெயரோ உயிர்வளி.