மாயவரம் கடைவீதியில் பாலும் ஐஸ்கிரீமும்

மயூரநாதரையும் அபயாம்பிகையையும் தரிசித்து, துலாக் கட்டத்தில் காவிரியைச் சேவித்துவிட்டு, நவக்கிரக ஸ்தலங்களை நோக்கி அன்றைக்கே பஸ் ஏறிவிடும் யாத்திரிகர்கள், மாயவரம் என்கிற மயிலாடுதுறையின் கடைவீதிகளைப் பாராமலே போய்விடுகிறார்களே என்ற விசாரம் எனக்கு வெகுநாளாக உண்டு. உச்சிக்கால பூஜைக்குப் பின் நடை சாத்தி, சாயங்காலம் மறுபடி திறக்கும் வரையிலான அவகாசத்தை, பட்டமங்கலத் தெருவுக்கும் மகாதானத் தெருவுக்குமென்று நீங்கள் ஒதுக்கிக்கொள்ளலாம். 1943-ஆம் வருஷம், துனிசியாவில் நேச தேசத்தார் பெற்ற வெற்றியின் ஞாபகார்த்தமாக எழுந்த மணிக்கூண்டை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது.

பாலைப் பொறுத்தவரை காலை நேரமே உத்தமம். நெல் விளையும் சீமையாதலால் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஆகவே வீட்டுக்கு வீடு மாடு கட்டிக் கறந்த வழக்கம் சுற்றுக் கிராமங்களில் இன்னும் அடியோடு போய்விடவில்லை. டீக்கடையில் பசும்பாலா, பாக்கெட் பாலா என்று தயங்காமல் கேளுங்கள்; கேட்பதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். ஆவின் பாலகத்தில் வாங்குவோர், நீல நிறப் பாக்கெட்டில் நூற்றுக்கு 3 பங்கும், ஆரஞ்சு நிறத்தில் 6 பங்கும் கொழுப்புச் சத்து உண்டென்பதை நினைவில் வைப்பது நலம். குழந்தைகளுக்குப் பாயசம் காய்ச்ச உத்தேசமிருந்தால் பின்னதே சிலாக்கியம்.

ஐஸ்கிரீம் விஷயத்தில் சற்று நிதானம் வேண்டும். சாதாரண ஐஸ்கிரீம் என்று விற்பதில் பால் கொழுப்பு நூற்றுக்கு 10 பங்குக்குக் குறையக் கூடாதென்பது நம் தேசத்துச் சட்டம். தாவர எண்ணெய் சேர்த்துச் செய்ததை 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றுதான் அச்சிட வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வர்ணக் காகிதத்தில் அடுத்தடுத்துக் கிடக்குமாதலால், விலையைப் பார்க்குமுன் இந்த எழுத்தைப் பாருங்கள். கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் மேலே கல்கண்டுபோல் பனித்துகள் படர்ந்து, கரண்டி பட்டவுடன் நறநறவென்றால், அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததென்று அறிந்து வேறு கேளுங்கள். பிரபல நிறுவனங்களின் ஐஸ்கிரீம் எல்லா ஊரிலும் கிடைப்பதுதான். எனக்கென்னவோ, ஏலக்காய் மணக்கும் குல்ஃபியும், பாதாம் பாலும், ரோஸ் மில்க்குமே இந்த வெயிலுக்கு ஏற்றவையென்று தோன்றுகிறது.

ஐப்பசி மாதம் முழுவதும் துலா ஸ்நானத்துக்கு ஜனங்கள் வருவார்கள். அம்மாதக் கடைசி நாளான கடைமுகத்தன்றும், கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கன்றும் வீதியில் கால் வைக்க இடமிராது. தீபாவளி ஜவுளிக் கூட்டமும் அதே சமயத்தில் சேர்ந்துகொள்ளுமாதலால், நிதானமாகக் கடை பார்க்க விரும்புவோர் வேறு மாதம் வருவதே சௌகரியம்.

கல்யாணத்துக்குக் கூறைப் புடவை எடுப்பதானால், அந்தப் பெயருக்கே உரிய கூறைநாடு இந்நகரத்தின் ஒரு பகுதிதான். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்ட அந்த நெசவை, கையில் எடுத்து மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆகையால் ஐஸ்கிரீமையும் பாதாம் பாலையும் முதலிலேயே முடித்து, கையலம்பிக்கொண்டு அங்கே புறப்படுங்கள்.