ஓகே... ஆனா எந்த ஓகே?

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் எழுதி எங்க கைடுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "ஓகே"ன்னு பதில் வந்துச்சு. உடனே சென்சார், மோட்டார்னு 2,800 ரூபாய்க்கு வாங்கிட்டோம். முதல் ரிவ்யூவில் சார் கேட்டார்: "இந்தத் தலைப்புக்கு யாருப்பா அப்ரூவல் கொடுத்தது?" அவர் ஓகே சொன்னது "பார்த்துட்டேன்" என்ற அர்த்தத்தில். நாங்க எடுத்துக்கிட்டது "சம்மதம்".

இந்த வார்த்தை பிறந்ததே ஒரு கிண்டலில்தான் தெரியுமா? 1830-களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் பத்திரிகைகளில் ஒரு ஃபேஷன். சொற்களை வேணும்னே தப்பான ஸ்பெல்லிங்கில் எழுதி, அதன் முதல் எழுத்துகளை மட்டும் போடுவார்கள். நம்ம சாட் சுருக்கம் மாதிரி! 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' அப்படித்தான் 'ஓ.கே.' ஆனது. ஒழுங்கா எழுதினா ஏ, சி-ன்னுதானே வரணும்? எல்லாம் சரின்னு சொல்ற வார்த்தையில் ரெண்டு எழுத்துமே தப்பு, அதுதான் ஜோக். பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் இது அச்சானது 1839 மார்ச் 23.

அடுத்த வருஷமே தேர்தல். அதிபர் மார்ட்டின் வான் பியூரன் பிறந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்பது அவர் பட்டப்பெயர். ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். அவர் தோத்துட்டார், வார்த்தை ஜெயிச்சிடுச்சு. இந்த வரலாற்றை 1960-களில் தோண்டி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழி அறிஞர்.

இன்னைக்கு "படம் ஓகே" என்றால் சுமார். "ஓகே, அடுத்த ஸ்லைடு" என்றால் வெறும் இடைச்சொல். "லீவை ஓகே பண்ணிட்டார்" என்றால்தான் அனுமதி.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. பனிமூட்டத்தில் ஒரே ஓடுபாதையில் ரெண்டு போயிங் 747. கே.எல்.எம். விமானி டேக்-ஆஃப் பற்றிச் சொன்னதும், கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார். அதே நொடியில் பான் ஆம் விமானமும் பேச, ரெண்டு சிக்னலும் மோதி வெறும் கீச்சொலிதான் கேட்டது. தெளிவா விழுந்தது அந்த "ஓகே" மட்டும். கே.எல்.எம். விமானம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது, நிற்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். காரணம் இந்த ஒரு சொல் மட்டும் இல்லைதான். ஆனாலும் அதன் பிறகு ரேடியோ பேச்சு விதிகள் இறுகின. டேக்-ஆஃப் என்ற சொல்லையே அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் பயன்படுத்தணும்.

விமானிகளிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கு. 'ரோஜர்' என்றால் கேட்டுச்சு, அவ்வளவுதான். 'வில்கோ' என்றால் கேட்டுச்சு, செய்யறேன். 'அஃபர்ம்' என்றால் ஆமாம்.

நாங்களும் இப்போ கைடுகிட்ட "அப்ரூவ்டா சார்?"னு நேராவே கேக்கறோம். நேத்து பதில் வந்துச்சு. ஒரு கட்டைவிரல் எமோஜி.