மழை முன்னறிவிப்பும் மேலூர் ஒருபோகச் சாகுபடியும்

பெரியாறு அணை 1895-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்டது முதல், மேற்கே ஓடிக் கடலிற் கலந்த ஜலம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்கு வந்து, பேரணையிலிருந்து கால்வாய் மூலம் மதுரைச் சீமைக்குப் பாய்கின்றது. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள சுமார் 45,000 ஏக்கர் இருபோக நிலம். அதற்குக் கீழேயுள்ள மேலூர்ப் பகுதி ஒருபோக நிலம். இங்கே கால்வாயில் ஜலம் திறக்கும் வழக்கமான காலம் ஆவணி முடிவு. வருஷத்திற்கு ஒரே பயிராதலால், அது தவறினால் அவ்வருஷத்து நெல்லே தவறியதாகும். ஆகவே, எந்த நாளில் எந்த வேலையைச் செய்வது என்பதே மேலூர்க் குடியானவருக்கு முதன்மையான விஷயம்.

முற்காலத்தில் எறும்பு முட்டை சுமப்பதையும், தும்பி தாழப் பறப்பதையும், காற்றின் திசையையும் கண்டு நாள் குறித்தனர். இக்குறிகள் சில மணி நேரத்து மழைக்கு இன்றும் ஓரளவு உதவும். ஆனால் பருவத்தின் போக்கு பழைய கணக்கிற்கு அடங்கி வரவில்லை. 2016-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. கார்த்திகை கழிந்தால் மழை கழிந்தது என்பார்கள்; 2023-ம் வருஷத்திலோ மார்கழி பிறந்த அன்று தொடங்கிய மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பூமி வெப்பமடையும் இக்காலத்தில், பெய்யும்போது மழை கொட்டுவதற்கு இது ஒரு காரணம்.

இந்நிலையில் விவசாயிக்குத் துணையாக வந்திருப்பது கைபேசி வழியே கிடைக்கும் முன்னறிவிப்பு. இந்திய வானிலைத் துறை 1945-ம் வருஷத்திலேயே ரேடியோ மூலம் விவசாயிகளுக்கு வானிலைச் செய்தி அளிக்கத் தொடங்கியது. இப்போது செயற்கைக்கோள், ராடார், தானியங்கி வானிலை நிலையம் ஆகியவற்றின் அளவுகளைக் கணினியில் இட்டுக் கணித்து, வரும் ஐந்து நாட்களுக்கான மழையளவும் பயிர் ஆலோசனையும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியிடப்படுகின்றன. 2019-ம் வருஷத்தில் வந்த 'மேகதூத்' செயலியில் இவற்றைத் தமிழிலேயே படிக்கலாம். தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலி 2018-ம் வருஷம் முதல் நடைபெறுகிறது.

அறிவிப்பைப் படிக்கும் முறை

அறிவிப்பிலுள்ள சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில் மழை' என்றால் அப்பகுதியிலுள்ள மழைமானிகளில் நாலில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்று பொருள். ஆகவே, நம் ஊரில் பெய்யாவிடில் அறிவிப்புப் பொய்த்தது என்று கொள்ளலாகாது. 'கனமழை' என்பது ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர். 'மிகக் கனமழை' 12 முதல் 20 வரை. அதற்கு மேற்பட்டது 'அதி கனமழை'.

எதற்கு நம்பலாம், எதற்கு நம்பலாகாது

ஐந்து நாள் அறிவிப்பு அன்றாட வேலைக்கு உரியது. பருவம் முழுவதற்கும் உரியதன்று. நாற்றங்கால் விடும் நாளை ஒரு வார மழையை நம்பி முடிவு செய்யலாகாது. மத்திய கால ரகங்களின் நாற்று 25 முதல் 30 நாட்களுக்குள் நடப்பட வேண்டும். கால்வாய் திறப்பது தாமதித்தால் நாற்று முற்றித் தூர் குறையும். ஆகையால் பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டத்தையும், ஜலம் திறக்கும் அரசு உத்தரவையும் பார்த்தே நாற்று விடுக. ஐயமிருப்பின், கிணற்று வசதியுள்ளோர் ஏக்கருக்கு வேண்டிய 8 சென்ட் நாற்றங்காலை இரு தவணையாக, பத்து நாள் இடைவிட்டு விடுவது நலம்.

பின்வரும் வேலைகளுக்கு அறிவிப்பு மிகவும் பிரயோஜனப்படும்:

1. கனமழை வருமென்றால் யூரியா மேலுரம் இடுவதை நிறுத்தி வைக்கவும். இட்ட உரம் வரப்பைத் தாண்டிப் போய்விடும்.
2. மழை நாளில் பூச்சி மருந்து தெளிக்க வேண்டாம்.
3. 25 மில்லிமீட்டர் மழை ஏக்கருக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் ஜலம் தரும். அவ்வளவு எதிர்பார்க்கப்படின் கிணற்றுப் பாசனத்தை இரண்டொரு நாள் தள்ளிப் போடலாம்.
4. தை அறுவடையில், மழை அறிவித்த நாளில் கதிரை அறுத்துக் களத்தில் போடாதிருத்தல் வேண்டும்.

ஊரின் சொந்தக் கணக்கு

எந்த அறிவிப்பும் ஒவ்வொரு கண்மாய்க்கும் தனியே சொல்வதில்லை. ஆகையால் ஊருக்கு ஒரு மழைமானி இன்றியமையாதது. அது கிடைக்காவிடில், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தை மரமும் சுவரும் மறைக்காத வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு நின்ற ஜலத்தின் ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறிவித்த மழையை ஒரு பத்தியிலும் பெய்த மழையை மறு பத்தியிலும் எழுதி வருக. ஒரு பருவம் முடிந்ததும், அறிவிப்பு நம் ஊருக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பது தெளிவாகும். கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் கேளாமலே தள்ளுவதும் இரண்டும் நஷ்டமே.

கைபேசி இல்லாத குத்தகைதாரரும் கூலிக்காரரும் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. 1998-ம் வருஷத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்களை அமைத்தபோது, வீராம்பட்டினத்தில் இணையத்தில் வந்த கடல் அலைச் செய்தி ஒலிபெருக்கி மூலம் மீனவர் அனைவருக்கும் சொல்லப்பட்டது. அவ்வாறே மேலூர்க் கிராமங்களிலும், செவ்வாய், வெள்ளிதோறும் ஒருவர் அறிவிப்பைச் சாவடிப் பலகையில் எழுதிவைக்கலாம். ஐயங்களை 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் செலவின்றிக் கேட்கலாம்.

உலகிலுள்ள ஒவ்வொருவருக்கும் வானிலை எச்சரிக்கை எட்ட வேண்டுமென ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் 2022-ம் வருஷத்தில் அறிவித்தார். அவ்வெச்சரிக்கை கைபேசி வரை வந்து நின்றால் பயனில்லை. வயலின் மடை வரை அதனைக் கொண்டு சேர்ப்பது ஊராரின் பொறுப்பு. கால்வாய் திறக்குமுன் மழைமானியையும் நோட்டையும் பலகையையும் ஒவ்வொரு கிராமத்தாரும் ஆயத்தம் செய்துகொள்வார்களாக.