புதிய தொழிலும் கேட்க வேண்டிய மூன்று வினாக்களும்

நெல்லையும் தென்னையையும் மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது நம் கிராமங்களில் நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. ஆகவே, விவசாயிகள் துணைத்தொழில் ஒன்றைத் தேடுவது இயல்பேயாகும். ஆயினும் புதிய தொழில் என்ற பெயருடன் ஊருக்குள் வருவன எல்லாம் தொழில் ஆகிவிடா. சில, உழைப்பவனுக்குப் படிப்படியாக வருமானம் தருகின்றன. வேறு சில, அவன் சேமித்து வைத்த பணத்தையும் கொண்டு செல்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உண்டு. ஏனெனில், ஊரில் ஒரு திட்டம் வேரூன்று முன் மக்கள் யோசனை கேட்பது அவர்களிடமே.

இதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை. சொல்லப்படும் அதிசயத்தைப் பிறர் சோதித்துப் பார்க்க இடமுண்டா? வருமானம் யாருடைய பையிலிருந்து வருகிறது? நிலைமை மாறினால் தொழிலை மாற்றியமைத்துக்கொள்ள இயலுமா? தமிழகம் கண்ட மூன்று அனுபவங்களைக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

சோதனைக்கு இடமுண்டா?

1996-ஆம் ஆண்டில் இராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பவர், மூலிகையைத் தண்ணீரில் இட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். செய்தி நாடெங்கும் பரவிற்று. படிக்காத கிராமவாசி ஒருவர் உலகையே வென்றுவிட்டார் என்று மக்கள் மகிழ்ந்தனர். ஐயம் எழுப்பிய விஞ்ஞானிகள் மீது பலர் சினம் கொண்டனர்.

ஐயத்திற்குக் காரணம் எளிது. ஹைட்ரஜன் என்னும் வாயு எரிந்து முடிந்தபின் கிடைப்பதே தண்ணீர். அடுப்புச் சாம்பலை மறுபடியும் விறகாக எரிக்க இயலாதது போலவே, தண்ணீரிலிருந்தும் புதிதாக எரிசக்தி பெற இயலாது. ஒரு பிடி மூலிகையிலோ சிறிதளவு சக்தியே உண்டு. பின்னர் இந்த எரிபொருள் விற்பனைக்கும் வந்தது. விற்கப்பட்டது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவையே என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவ்வழக்கில் 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

கிராமவாசியால் எதையும் கண்டுபிடிக்க இயலாது என்பது இதன் பாடம் அன்று. நல்ல விதையைப் பொறுக்கி வளர்த்தவரும் நீர் இறைக்க ஏற்றம் கண்டவரும் கிராமவாசிகளே. ஆனால், உண்மையான முறை எவர் கைக்கும் ஒன்றுபோல் பணியும். கண்டுபிடித்தவர் அருகில் இல்லாதபோது, வேறொருவர் தம் பாத்திரத்திலும் தம் தண்ணீரிலும் செய்து பார்த்தாலும் அதே விளைவு கிடைக்க வேண்டும். “அது இரகசியம்” என்று மறுப்பவரிடம் முதலீடு செய்யாதிருப்பதே அறிவுடைமை.

வருமானம் யாரிடமிருந்து?

சில திட்டங்களில் பொருள் மெய்யாகவே இருக்கும். கணக்கு மட்டும் பொய்யாக இருக்கும். ஈமுக் கோழி வளர்ப்பு இத்தகையது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பறவையின் இறைச்சியும் எண்ணெயும் பல நோய்களுக்கு நன்மை தரும் என்ற விளம்பரத்துடன் கொங்கு நாட்டில் பல நிறுவனங்கள் முளைத்தன. பெருந்துறையை மையமாகக் கொண்டு நடந்த சுசி ஈமு பார்ம்ஸ் அவற்றுள் பெரியது. விவசாயி ரூ. 1,50,000 செலுத்தினால் 6 குஞ்சுகளும் கொட்டகையும் தீவனமும் தரப்படும், மாதம் ரூ. 6,000 பராமரிப்புத் தொகையும் ஆண்டுக்கு ரூ. 20,000 ஊக்கத் தொகையும் கிடைக்கும். 2 ஆண்டுகளுக்குப் பின் முதலும் திரும்பும் என்பது அத்திட்டங்களுள் ஒன்று.

இதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மாதத் தொகை 2 ஆண்டுகளில் ரூ. 1,44,000. ஊக்கத் தொகை ரூ. 40,000. இரண்டும் சேர்ந்து ரூ. 1,84,000. முதலையும் திருப்பித் தர வேண்டுமாதலால் நிறுவனம் கொடுக்க வேண்டிய தொகை ரூ. 3,34,000. தீவனமும் கொட்டகையும் இதற்குப் புறம்பான செலவு. ஈமுவோ ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதில்தான் முட்டையிடத் தொடங்கும். அதுவரை ஒரு முட்டைகூட இடாத பறவைக்கு மாதந்தோறும் ரூ. 1,000 வீதம் எங்கிருந்து வந்தது? இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் அத்துணைப் பெரிய சந்தை எங்கும் இருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் செலுத்திய பணமே முன்னர் சேர்ந்தவருக்கு வருமானமாகச் சென்றது.

புதியவர் வருகை குறைந்ததும் எல்லாம் நின்றது. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நிறுவனம் வீழ்ந்தது. தீவனமின்றி வாடிய பறவைகளுக்கு உணவளிக்கும் பொறுப்பு அரசின் மீது விழுந்தது. முதல் சில மாதங்கள் பணம் தவறாமல் வந்ததே மக்கள் ஏமாறக் காரணம் என்பதைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரர் பணம் வாங்கினார் என்பது தொழில் நன்றாக நடக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. பொருளை விலை கொடுத்து வாங்கி உபயோகிப்பவர் எவர் என்பதற்கு விடை கிடைத்தாலன்றி, அத்தொழிலுக்கு அடித்தளம் இல்லை.

மாற்றியமைக்க இயலுமா?

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். 1920-களில், இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்தினார். ஏழைக் குடும்பங்கள் தம் முயற்சியாலேயே முன்னேற வேண்டும் என்பது அந்நிலையத்தின் கொள்கை. அங்கே பரப்பப்பட்ட துணைத்தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று.

தேன் நமக்குப் புதிதன்று. ஆனால் பழைய முறையில், புகையிட்டுத் தேனீக்களை விரட்டி, அடையை அறுத்துப் பிழிவர். புழுவும் மெழுகும் தேனில் கலக்கும், கூடும் அழியும். பெட்டி முறையிலோ, அடையானது எடுத்து மாட்டக்கூடிய மரச்சட்டங்களில் அமைகிறது. சட்டத்தைச் சுழற்கருவியில் இட்டுத் தேனைப் பிரித்தபின் வெற்று அடையை மறுபடியும் பெட்டியில் வைத்துவிடலாம். தேனீக்கள் புதிய அடை கட்டும் உழைப்பு மிச்சமாகிறது. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. பெட்டியைத் திறந்தால் எவரும் காணலாம்; அண்டை வீட்டார் பார்த்துக் கற்கலாம். நம் முதல் வினாவுக்கு இதுவே தக்க விடை.

பிற்காலத்தில் விளவங்கோடு பகுதியில் ரப்பர் பெருகிற்று. அதுவே தேனுக்கும் பெரிய ஆதாரமாயிற்று. இலையுதிர்ந்த ரப்பர் மரம் மீண்டும் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் ஊறுகிறது. தை முதல் பங்குனி வரையிலான அப்பருவத்தில் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்று வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பூவை மட்டும் நம்பிய தொழில், இலையிலிருந்தும் வருமானம் கண்டது.

1991-92-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பை நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, பெரும்பாலான இந்தியத் தேனீக் கூடுகளை அழித்தது. புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகி மடிந்தன. அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. நோயைத் தாங்கி எஞ்சிய கூடுகளைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டது. அழிந்தும் மீண்டதற்குக் காரணம், தேனை வாங்குவோர் இருந்ததும் தொழிலின் நுட்பம் வளர்ப்பவர் கையிலேயே இருந்ததும் ஆகும். ஈமு வளர்த்தவரிடம் இவ்விரண்டும் இல்லை.

விற்பனை வழியைத் தேர்தல்

நல்ல தொழிலிலும் கணக்கு அவசியம். தேன் வருவது சில மாதங்களில். மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு ஊட்டும் செலவும் பெட்டியைச் செப்பனிடும் செலவும் ஆண்டு முழுவதும் தொடரும். தேனைத் தகரங்களில் வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்தால் பணம் உடனே கைக்கு வரும், விலை குறையும். கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்தால் தரம் பிரித்து விற்கும் தொல்லை நமக்கில்லை. பாட்டிலில் அடைத்துத் தாமே விற்றால் விலை கூடும். ஆனால் உணவுப் பாதுகாப்பு உரிமமும் பதிவும், பாட்டில், விளம்பரம் ஆகிய செலவுகளும் நம்மைச் சேரும். கூடுகளைப் பிரித்துப் பெட்டியுடன் விற்பது மற்றொரு வழி. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கூறுவதற்கில்லை. 10 பெட்டி உடையவருக்கும் 500 பெட்டி உடையவருக்கும் ஒரே வழி பொருந்தாது.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் பொது. தேனில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது, மேற்பட்டால் புளிக்கும். அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடியபின் எடுப்பதே முறை. அவ்வாறே, சர்க்கரை நோயைத் தீர்க்கும் தேன் என்று விளம்பரம் செய்வதும் தகாது. தேனும் சர்க்கரையே. மெய்யான பொருளைப் பொய்யான சொல்லால் விற்பவர், தம் ஊர்ப் பெயரின் மீது மக்களுக்குள்ள நம்பிக்கையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

புதிய திட்டத்துடன் வருபவரைக் கிராம சபையில் மேற்கண்ட வினாக்களைக் கேட்க வேண்டும். விடைகளை எழுத்தில் பெற வேண்டும். வைப்புத் தொகை கேட்டால், அதைத் திரட்ட அவருக்குச் சட்டப்படி அனுமதி உண்டா என்று விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், அனுமதியற்ற வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் உள்ளன. ஐயம் எழுந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கு உடனே தெரிவிக்கலாம். பணம் போனபின் சட்டத்தை நாடுவதைவிட, போகுமுன் நாடுவது நன்று.

தொழில் நல்லதெனத் தோன்றினும், நகையை அடகு வைத்து ஊரே ஒரே நாளில் அதில் இறங்க வேண்டுவதில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சிறு அளவில் ஓராண்டு நடத்தி, வரவு செலவைக் கிராம சபையில் படிக்கட்டும். அக்கணக்கைக் கண்டபின் மற்றவர் தொடரலாம். ஆழம் பார்த்தே ஆற்றில் இறங்குவது நம் முன்னோர் கண்ட வழி. அவ்வழியில் சென்றவர்க்குத் தாமதம் நேரலாம். பெருநஷ்டம் நேர்வது அரிது.