கணினி துயிலெழும் முறை

வேலூர், ஆம்பூர்த் தோல் பதனிடும் சாலைகளிலே தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் களைந்த பின்னரே பட்டைச்சாறோ குரோம் உப்போ சேர்ப்பர். முறை பிறழின் தோல் கெடும். கணினி துயிலெழுதலும் அத்தகையதே என்பது யாம் கூறப்புகுவது.

மின்விசை பாய்ந்தவுடன் செயலி, அழியா நினைவகத்துள்ள சிறுநிரலை இயக்கும். அது வன்பொருளைச் சோதித்துத் துவக்கியை அழைக்க, துவக்கி கர்னல் என்னும் கருநிரலை நினைவகத்தில் ஏற்றும். கர்னல் நினைவகத்தைப் பகுத்து, குறுக்கீடுகளை ஒழுங்குசெய்து, சாதனங்களை அறிந்து, மூலக் கோப்பமைப்பை இணைத்து, ஈற்றில் 1 என்னும் எண்ணுடைய முதற்பணியை எழுப்பும். அக்கோப்பமைப்பு அகப்படாவிடின் லினக்ஸ் கர்னல் மேற்செல்லாது நின்றுவிடும்.

2018ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்த ‘சக்தி’ செயலியில் லினக்ஸ் துயிலெழுந்தமை, இப்படிகள் யாவும் வழுவின்றி நிகழ்ந்தமைக்குச் சான்றாம். ஒன்று தவறியிருப்பினும் அச்சில்லு ஊமையாய்க் கிடந்திருக்கும். ஆதலின் பெருஞ்செயல் விழைவார் சிறிய முதற்படியை இகழாதிருப்பாராக.