நூறு கடந்த மிதிவண்டி வீரர்

பிரான்சு நாட்டிலே 1911-ஆம் ஆண்டிற் பிறந்து, 2021-இல் மறைந்தவர் இராபர்ட் மார்ஷான். தீயணைப்பு வேலையும் தோட்ட வேலையும் பார்த்துப் பிழைத்த அவர், 60 அகவை கடந்தபின் மீண்டும் மிதிவண்டி ஏறினார். 2012-ஆம் ஆண்டிலே, தமது 100-ஆம் அகவையில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார்.

நூறு கடந்த உடலுக்குப் பயிற்சியால் வலிமை ஏறுமோ? தேய்வதன்றி வளர்வதில்லை என்பதே பலர் எண்ணம். அதனை ஆராயத் துணிந்தார், வெரோனிக் பில்லா என்னும் உடலியற் பேராசிரியர். அவர் வகுத்தவாறு மார்ஷான் ஈராண்டுக் காலம், ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர், அஃதாவது வாரத்திற்கு 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓட்டிவந்தார். அதில் நூற்றுக்கு 80 பங்கு மெல்லென ஓட்டுவது. எஞ்சிய 20 பங்கே கடுமையாக மிதிப்பது. விரைய வல்லார் ஒருவர் விரையாது செல்லுதல் எளிதன்று. அதற்கும் அடக்கம் வேண்டும். முடிவில், அவருடல் ஒரு நிமிடத்தில் ஏற்கவல்ல உயிர்வளியின் உச்ச அளவு, உடலெடையில் கிலோகிராம் ஒன்றுக்கு 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆக உயர்ந்திருந்தது. 2014-இல் அதே ஒரு மணி நேரத்தில் அவர் சென்ற தொலைவு 26.927 கிலோமீட்டர்.

2017-இல், 105-ஆம் அகவையில், 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். இன்னும் 10 நிமிடமே உண்டு என்று காட்டிய பலகையைத் தாம் காணவில்லை என்றும், கண்டிருப்பின் மேலும் விரைந்திருக்கக்கூடும் என்றும் வண்டியினின்று இறங்கியபின் அவர் கூறினார்.